வெற்றுச் சுவர் யார் பக்கம்?

2010 ஜூன் 30. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு கூடியிருந்தது. நீதிபதிகளின் நீண்ட வரிசைக்கு எதிரே, தலையில் யூதர்களின் கிப்பா அணிந்த ஒரு சட்டப் பேராசிரியர் எழுந்து நின்றார். இத்தாலிய வகுப்பறைகளில் சிலுவை மாட்டியிருப்பது யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை என்று வாதாடத் தொடங்கினார். இதற்காக அவர் கட்டணம் வாங்கவில்லை. ஆர்மீனியா, பல்கேரியா, சைப்ரஸ், கிரீஸ், லித்துவேனியா, மால்டா, ரஷ்யா, சான் மரீனோ ஆகிய எட்டு நாடுகள் சார்பில் அவர் பேசினார். பெயர் ஜோசப் வைலர். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், ரப்பி ஒருவரின் மகன், மத ஆசாரங்களைக் கடைப்பிடிக்கும் யூதர். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தையும் அரசியலையும் பல ஆண்டுகள் ஆய்வு மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்.

வைலர் முனைவர் பட்டம் வாங்கியதும், பாடம் நடத்தியதும், 2013 முதல் 2016 வரை தலைவராக இருந்ததும் ஒரே நிறுவனத்தில்தான். ஃபிளாரன்ஸ் நகரை ஒட்டிய ஃபியசோலே மலைச்சரிவில் இருக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம் அது. அன்றைய ஐரோப்பியச் சமூகத்தைத் தொடங்கிய ஆறு நாடுகளும் 1972இல் ஒப்பந்தம் போட்டு உண்டாக்கியது. 1976இல் முதல் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். இளநிலைப் பட்டம் அங்கே கிடையாது, மேற்படிப்பும் ஆய்வும் மட்டுமே. அதற்குக் கிடைத்த இடமோ பதியா ஃபியசோலானா என்ற பழைய மடாலயம். மடத்துத் தேவாலயத்தின் முன்னால் நின்று பார்த்தால் வேலை பாதியில் நின்றுபோனது தெரியும். கரடுமுரடான கல்சுவரின் நடுவே, முந்தைய சிறிய கோயிலின் வெள்ளையும் பச்சையுமான பளிங்கு முகப்பு பதிந்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் அதைப் பெரிதாக எடுத்துக் கட்டியவர்கள், சுற்றியுள்ள சுவருக்குப் பளிங்கு போர்த்தாமலே விட்டுவிட்டார்கள். மதமும் அரசும் பிரிந்த ஐரோப்பாவைப் பற்றி ஆய்வேடு எழுத வருபவர்கள் இந்த மடத்துத் தாழ்வாரங்களில்தான் நடமாடுகிறார்கள்.

ஐரோப்பிய அரசியலில் முதுகலை என்றதும் வெளியாட்கள் நினைப்பது வேறு. பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் 1949 முதல் நடந்துவரும் ஐரோப்பியக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் ஒரே விடுதிகளில் தங்கி, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஓராண்டு படித்து வெளியே வருகிறார்கள். பலருக்கு அடுத்த ரயில் பிரஸ்ஸல்ஸுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணையம் எப்படிச் சட்ட முன்வரைவு தயாரிக்கிறது, நாடாளுமன்றம் எங்கே திருத்தம் கொண்டுவருகிறது, அமைச்சர் மன்றத்தில் எத்தனை நாடுகள் சேர்ந்தால் ஒரு முடிவைத் தடுக்கலாம் என்பவைதான் பாடம். இவற்றில் கடவுளுக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள், ஓர் இத்தாலிய ஊரின் பள்ளிச் சுவரைப் பற்றிய வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் வந்து சேரும்வரை.

வட இத்தாலியில் படுவா நகருக்குப் பக்கத்தில் ஆபானோ தெர்மே என்றொரு ஊர். பின்லாந்தில் பிறந்து இத்தாலியக் குடியுரிமை பெற்ற சோயிலே லவுட்சியின் இரண்டு மகன்கள் அங்கே அரசுப் பள்ளியில் படித்தார்கள். வகுப்புக்கு வகுப்பு, நம் கத்தோலிக்கர்கள் பாடுபட்ட சுரூபம் என்று சொல்லும், இயேசுவின் உருவம் தாங்கிய சிலுவை தொங்கியது. 2002இல் நடந்த பள்ளிக் கூட்டம் ஒன்றில் லவுட்சியின் கணவர் அதை எடுக்கச் சொன்னார். பள்ளி மறுத்தது. சிலுவை மாட்டவேண்டும் என்ற விதி 1920களில் போட்ட அரச ஆணைகளில் இருந்தது. அதன்பின் மன்னராட்சி போய்விட்டது. கத்தோலிக்கம் அரசு மதமாக இருந்த நிலையும் 1984ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு முடிந்துவிட்டது. ஆணைகளை மட்டும் யாரும் ரத்துசெய்யவில்லை.

வெனேத்தோ மாநில நிர்வாக நீதிமன்றம் 2005இல் லவுட்சியின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதற்கு அது சொன்ன காரணம் விநோதமானது. சிலுவை இத்தாலிய வரலாற்றின் அடையாளம், சமத்துவம், சுதந்திரம், சகிப்புத்தன்மை ஆகியவற்றின் அடையாளம், ஏன், அரசின் மதச்சார்பின்மைக்கே அடையாளம் என்றது. உயர் நிர்வாக நீதிமன்றமும் அடுத்த ஆண்டு அதை உறுதிசெய்தது. லவுட்சி ஸ்ட்ராஸ்பர்க் போனார். 2009 நவம்பர் 3 அன்று ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். கட்டாயக் கல்வி நடக்கும் இடத்தில் அரசு மத விஷயத்தில் நடுநிலை வகிக்க வேண்டும் என்றும், 5,000 யூரோ இழப்பீடு தரவேண்டும் என்றும் சொன்னார்கள்.

இத்தாலி கொதித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. பத்து நாடுகள் இத்தாலிக்கு ஆதரவாக வழக்கில் தங்களைச் சேர்த்துக்கொண்டன.

வைலரின் வாதத்துக்கு உயிர்நாடி ஒரே கேள்விதான். சிலுவையை எடுத்துவிட்டால் சுவர் நடுநிலையாகிவிடுமா? மதத்தைப் பொதுவெளியிலிருந்து விலக்கி வைக்கும் பிரான்சின் லாயிசிதே கொள்கை மதிக்கத்தக்க ஓர் அரசியல் நிலைப்பாடு. ஆனால் அதுவும் ஒரு நிலைப்பாடுதான் என்றார் அவர். அரசரே திருச்சபையின் தலைவராக இருக்கும் இங்கிலாந்தும் ஜனநாயக நாடுதான், பிரான்சும் ஜனநாயக நாடுதான். இரண்டில் ஒன்றை மட்டும் பொது அளவுகோலாக்க நீதிமன்றத்துக்கு உரிமை ஏது?

இதை விளக்க அவர் மார்க்கோ, லெயோனார்தோ என்று இரண்டு கற்பனைச் சிறுவர்களைக் கூட்டிவந்தார். மார்க்கோ வீட்டில் சிலுவை உண்டு, லெயோனார்தோ வீட்டில் இல்லை. ஒருவன் வீட்டுக்கு மற்றவன் விளையாடப் போய், குழம்பிப்போய்த் திரும்புகிறான். அது அவர்கள் வழி, இது நம் வழி என்று இருவரின் தாய்மார்களும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடம். சுவரில் சிலுவை இருந்தால் லெயோனார்தோ தன் வீட்டைச் சந்தேகிப்பான். சட்டம் போட்டு அதை இறக்கியிருந்தாலோ சந்தேகம் மார்க்கோவுக்கு வரும். இரண்டில் எதைச் செய்தாலும் அரசு ஒரு தாய் சொன்னதற்கு வலு சேர்க்கிறது, மற்றொரு தாய் சொன்னதைப் பலவீனப்படுத்துகிறது.

2011 மார்ச் 18 அன்று பேரமர்வு 15க்கு 2 என்ற கணக்கில் முந்தைய தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. சிலுவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மதச் சின்னமே என்று ஒப்புக்கொண்டது. ஆனால் சுவரில் தொங்கும் சிலுவை பாடம் நடத்துவதில்லை, ஜெபிக்கச் சொல்வதில்லை. அது செயலற்ற சின்னம் என்றது. இத்தாலியப் பள்ளிகளில் மாணவிகள் முக்காடு போட்டுவரத் தடையில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்த விஷயத்தில் ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான கருத்து உருவாகவில்லை, ஆகவே அந்தந்த நாடு தன் மரபுப்படி முடிவுசெய்யட்டும் என்று விட்டுவிட்டது.

ஐரோப்பிய அரசியலைக் கற்பவர்களுக்கு இந்தக் கடைசி வரி பழக்கமானதுதான். கிரீஸின் அரசமைப்புச் சட்டம் பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் தொடங்குகிறது, அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். ஜெர்மனியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம் கடவுளுக்கும் மனிதருக்கும் முன்னால் ஜெர்மன் மக்களுக்குள்ள பொறுப்பைச் சொல்லித் தொடங்குகிறது. பிரான்சின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் முதல் பிரிவிலேயே குடியரசு மதச்சார்பற்றது என்கிறது. ஸ்வீடன் தன் லூத்தரன் திருச்சபையை அரசிடமிருந்து பிரித்தது 2000ஆம் ஆண்டில்தான். பக்கத்து டென்மார்க் இன்னும் பிரிக்கவில்லை. இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. தீர்ப்பு வெளியான ஸ்ட்ராஸ்பர்க் நகரம் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் இருக்கிறது. திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் 1905ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அல்சாஸ் ஜெர்மனியின் கையில் இருந்தது. அதனால் அந்தச் சட்டம் அங்கே இன்றும் செல்லாது. மதச்சார்பின்மைக்குப் பேர்போன பிரெஞ்சு அரசு, அந்த ஊர்க் கத்தோலிக்கக் குருக்களுக்கும் புராட்டஸ்டன்ட் போதகர்களுக்கும் யூத ரப்பிகளுக்கும் மாதச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இதே கேள்வியை ஐரோப்பிய ஒன்றியமும் அந்தத் தீர்ப்புக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சந்தித்திருந்தது. (ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் ஒன்றியத்தைச் சேர்ந்தது அல்ல. அது ஐரோப்பிய மன்றம் என்ற தனி அமைப்பின் நீதிமன்றம். புதிதாகப் படிக்க வருபவர்கள் முதல் வாரத்தில் தடுமாறும் இடம் இது.) ஒன்றியத்துக்கு ஓர் அரசமைப்புச் சட்டம் எழுத, பிரான்சின் முன்னாள் அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேன் தலைமையில் 2002, 2003 ஆண்டுகளில் ஒரு மாநாடு உட்கார்ந்தது. முகப்புரையின் ஆரம்ப வரைவில் கிரேக்க, ரோமானிய நாகரிகங்கள் இருந்தன, பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவொளிச் சிந்தனை இருந்தது, கிறிஸ்தவம் மட்டும் இல்லை. வத்திக்கானும் போலந்து முதலிய நாடுகளும் கடுமையாக ஆட்சேபித்தன. கிறிஸ்தவத்தைச் சேர்க்கப் பிரான்ஸ் சம்மதிக்கவில்லை. கடைசியில் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டு, பண்பாட்டு, மத, மனிதநேயப் பாரம்பரியம் என்று பொதுவாக எழுதி முடித்தார்கள்.

வைலர் அப்போதே, 2003இல், கிறிஸ்தவ ஐரோப்பாவைப் பற்றி இத்தாலிய மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு யூதர் இதைக் கேட்கிறாரே என்று பலருக்கு வியப்பு. அவர் முன்மாதிரியாகக் காட்டியது போலந்தின் 1997ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தை. உண்மைக்கும் நீதிக்கும் நன்மைக்கும் அழகுக்கும் ஊற்றுக்கண் கடவுளே என்று நம்புவோரையும், அந்த நம்பிக்கை இல்லாமல் அதே விழுமியங்களை வேறு ஊற்றுகளிலிருந்து பெறுவோரையும் அதன் முகப்புரை அருகருகே நிறுத்திச் சம உரிமை தருகிறது. யாரையும் மறைக்கவில்லை, யாருக்கும் முதலிடம் தரவில்லை. பிரஸ்ஸல்ஸ் அந்த வழியில் போகவில்லை.

அரசமைப்புச் சட்டத்துக்கான ஒப்பந்தம் 2004 அக்டோபர் 29 அன்று ரோமின் கேப்பிட்டல் குன்றில், 1957ஆம் ஆண்டு ரோம் ஒப்பந்தம் கையெழுத்தான அதே மண்டபத்தில் கையெழுத்தானது. தலைவர்கள் பேனா பிடித்த மேசைக்கு மேலே திருத்தந்தை பத்தாம் இன்னசென்ட்டின் பிரம்மாண்டமான வெண்கலச் சிலை கையை நீட்டி உட்கார்ந்திருந்தது. முப்பதாண்டு மதப்போரை முடித்துவைத்த 1648ஆம் ஆண்டு வெஸ்ட்ஃபேலியா சமாதானத்தைச் செல்லாது என்று அறிவித்தவர் இந்தப் பாப்பரசர். கிறிஸ்தவத்தின் பெயரைச் சொல்லாத ஒப்பந்தம் அவர் காலடியில் நிறைவேறியது. மறு ஆண்டே பிரெஞ்சு, டச்சு வாக்காளர்கள் அதை நிராகரித்தார்கள். ஆனாலும் பாரம்பரியம் பற்றிய அந்த வாசகம் 2007ஆம் ஆண்டு லிஸ்பன் ஒப்பந்தத்தின் வழியாக ஒன்றியத்தின் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

ஆக, வெற்றுச் சுவருக்கும் ஒரு கட்சி உண்டு என்ற வைலரின் வாதத்தை மறுப்பது சுலபமல்ல. அதிலிருந்து, சிலுவை மாட்டிய சுவர் நியாயமானது என்று தாவுவதில்தான் சிக்கல். முதல் சிக்கல் சிறுபான்மையினருக்கு. ஜெனீவாவில் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை இஸ்லாத்தைத் தழுவி, முக்காடு போட்டுக்கொண்டு பாடம் நடத்தினார். பல ஆண்டுகள் பெற்றோரோ பிள்ளைகளோ ஒரு புகாரும் சொல்லவில்லை. கல்வித் துறை தடைபோட்டது. தாலாப் என்ற பெயரால் அறியப்படும் அந்த வழக்கு 2001இல் ஸ்ட்ராஸ்பர்க் வந்தபோது, விசாரணைக்கே ஏற்கத்தக்கதல்ல என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள்மீது முக்காடு சக்திவாய்ந்த வெளிப்புறச் சின்னமாகப் பாதிப்பு உண்டாக்கலாம் என்பது அதன் கருத்து. பத்தாண்டு கழித்து, ஒவ்வொரு வகுப்பிலும் அரசே மாட்டிய சிலுவை செயலற்ற சின்னமாகிவிட்டது. இரண்டு வழக்கின் சூழ்நிலையும் வேறு வேறு என்று பேரமர்வு விளக்கம் சொன்னது. உண்மைதான், ஆசிரியை நடமாடுகிறார், பேசுகிறார், சிலுவை பேசாது. ஆனால் ஆசிரியை அணிந்தது தன் நம்பிக்கையை. சுவரில் மாட்டியது அரசு. அதிக எச்சரிக்கை யாரிடம் தேவை?

அந்தந்த நாடு தன் மரபுப்படி என்ற விதி நாடுகளுக்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது. ஒரு நாட்டுக்குள் மரபுக்கு வெளியே நிற்கும் தனி ஆளுக்கு அது மிச்சம் வைப்பது குறைவு. மால்டாவுக்கும் பிரான்சுக்கும் இடையே பன்மை காக்கப்படுகிறது, அதற்கான விலையை ஆபானோ தெர்மேயின் ஒரு குடும்பமும் ஜெனீவாவின் ஓர் ஆசிரியையும் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல் விசுவாசிகளுக்கு. இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. சிலுவையைக் காப்பாற்ற வெனேத்தோ நீதிமன்றம் அதை மதச்சார்பின்மையின் சின்னமாக்கியதைப் பார்த்தோம். ஜெர்மனியின் பவேரியாவில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2018இல் மாநில முதல்வர் மார்க்குஸ் ஸோடர், அரசு அலுவலகங்களின் நுழைவாயிலில் சிலுவை மாட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். பவேரியாவின் வரலாற்று, பண்பாட்டு அடையாளம் என்பதே அவர் சொன்ன காரணம். பாராட்டு எதிர்பார்த்த இடத்திலிருந்து கண்டனம் வந்தது. மியூனிக் பேராயரும் அப்போதைய ஜெர்மன் ஆயர் பேரவைத் தலைவருமான கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸ், இந்த ஆணை பிளவை உண்டாக்குகிறது என்றார். சிலுவைக்கு அர்த்தம் சொல்வது அரசின் வேலை அல்ல என்றும் நினைவூட்டினார். சுதந்திரச் சிந்தனையாளர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கு 2023 டிசம்பரில் தோற்றது. சிலுவைகள் வாயிலில் தங்கிவிட்டன. ஃபியசோலே நிறுவனத்தில் மதத்தையும் ஐரோப்பிய அரசியலையும் ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஒலிவியே ருவா இந்தப் போக்கைப் பற்றியே ஒரு நூல் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவத்தை வெறும் அடையாளமாகச் சுருக்குகிறவர்கள் அதன் நம்பிக்கையையும் ஒழுக்கத்தையும் கழற்றிவிட்டே சுருக்குகிறார்கள் என்பது அவர் வாதம்.

மாண்டவர் மீண்டும் எழுந்தார் என்று நம்பும் ஒருவருக்குச் சிலுவை வரலாற்றுச் சின்னம் அல்ல. அதில் தொங்குபவர் அரசால் தண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர். அவரை அரசு அலுவலக வாசலில் மாட்டிவைத்து, இது எங்கள் பண்பாடு என்று சொன்னால் விசுவாசிக்கு அதில் கிடைப்பது என்ன?

இங்கே ஜெர்மானியச் சட்ட அறிஞர் எர்ன்ஸ்ட்-வோல்ஃப்காங் பொக்கன்ஃபோர்டே உதவிக்கு வருகிறார். அவர் கத்தோலிக்கர், சோஷியல் டெமாக்ரட் கட்சிக்காரர், 1983 முதல் 1996 வரை ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்ற நீதிபதி. 1960களில் அவர் சொன்ன ஒரு கருத்து ஜெர்மானிய அரசியல் சிந்தனையில் இன்றுவரை விவாதப் பொருள். சுதந்திரமான மதச்சார்பற்ற அரசு சில அடிப்படைகளின்மீது வாழ்கிறது. ஆனால் அந்த அடிப்படைகளுக்கு அதனால் உத்தரவாதம் தர முடியாது என்றார் அவர். நேர்மை, பிறர்மீது அக்கறை, சொன்ன சொல்லைக் காக்கும் பழக்கம் ஆகியவை மக்களிடம் இல்லையென்றால் ஜனநாயகம் நடக்காது. சட்டம் போட்டு அவற்றை உண்டாக்கப் பார்த்தால் அரசு தன் சுதந்திரத் தன்மையை இழந்துவிடும். 2004 ஜனவரி 19 அன்று மியூனிக்கில் கத்தோலிக்க அகாதெமியின் அழைப்பில், கடவுள் நம்பிக்கையற்ற தத்துவவாதி யூர்கன் ஹேபர்மாஸும் அடுத்த ஆண்டு திருத்தந்தையாகவிருந்த கர்தினால் ராட்சிங்கரும் நேருக்கு நேர் அமர்ந்து விவாதித்தது இந்தக் கேள்வியைத்தான். ஜனநாயக நடைமுறையே தனக்குத் தேவையான பிணைப்பை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்று ஹேபர்மாஸ் நம்பினார். ஆனாலும் சந்தை மனிதர்களைத் தனித்தனியாகப் பிரித்துப்போடும் காலத்தில், மத மரபுகள் காத்துவைத்திருக்கும் ஒழுக்க உணர்வை மதச்சார்பற்றவர்களும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்றார். மதத்துக்கும் நோய் உண்டு, அதைக் கண்காணிக்கப் பகுத்தறிவு வேண்டும் என்று ராட்சிங்கர் பதிலுக்கு ஒப்புக்கொண்டார்.

பொக்கன்ஃபோர்டே சொன்னதை வகுப்பறைச் சுவரோடு பொருத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அரசால் உண்டாக்க முடியாத ஒன்றின் சின்னத்தை அரசு தன் சொத்தாக எடுத்துக்கொள்வது, அந்த மூலத்தை வளர்ப்பதாகாது. அதற்காக அரசே ஆள் அனுப்பிச் சின்னத்தைப் பிடுங்குவதும் விடையாகாது. லெயோனார்தோவின் தாய்க்குக் கிடைக்கும் அதே வலுவான துணை அது. பின் யார் முடிவு செய்வது, எப்படி?

இத்தாலியிலேயே இன்னொரு வகுப்பறை இதற்கு ஒரு பாதை காட்டியது. தெர்னி நகரின் தொழிற்கல்விப் பள்ளி ஒன்றில் மாணவர்கள் கூடிப் பெரும்பான்மை வாக்கால் சிலுவை இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். தலைமையாசிரியர் அதை எல்லா ஆசிரியர்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பினார். இலக்கிய ஆசிரியர் ஒருவர் மட்டும் தன் பாடவேளை தொடங்கும்போது சிலுவையை இறக்கிவைத்தார், மணி அடித்ததும் திரும்ப மாட்டிவிட்டுப் போனார். முப்பது நாள் பணியிடை நீக்கம் கிடைத்தது. வழக்கு நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமான கஸ்ஸசியோனே வரை போயிற்று. 2021 செப்டம்பரில் அது தீர்ப்பளித்தது. பழைய ஆணைகளை இன்றைய அரசமைப்புக்கு ஏற்பப் படித்தால் சிலுவை கட்டாயமல்ல. வகுப்பு விரும்பினால் வைக்கலாம், விரும்பினால் பிற மதச் சின்னங்களையும் சேர்த்து வைக்கலாம். சிலுவை தொங்குவதாலேயே ஆசிரியருக்குப் பாகுபாடு நேர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் எதிர்ப்பவரோடு பேசிப் பொதுவான ஏற்பாட்டைத் தேடாமல் பெரும்பான்மை முடிவை மட்டும் திணித்த சுற்றறிக்கை சட்டப்படி சரியல்ல. அதை மீறியதற்கான தண்டனையும் செல்லாது.

பெரும்பான்மையின் கை மட்டும் போதாது, ஒற்றை ஆளின் மறுப்பாணையும் போதாது என்று இத்தாலிய நீதிபதிகள் இரண்டு வாசலையும் அடைத்துவிட்டார்கள். சிலுவையைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றுவதா, வேறு சின்னம் ஒன்றைச் சேர்ப்பதா, அந்த ஒரு பாடவேளைக்கு மட்டும் இறக்கி வைப்பதா என்பதை எந்த நீதிமன்றமும் எழுதித் தரவில்லை. அதை இனி அந்தந்த வகுப்பின் மாணவர்களும் ஆசிரியரும் உட்கார்ந்து பேசித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.